சிறுவரும் குறும்பார்வையும்

கொழும்பு மாநகரின் நடுவே, பேரே வாவியின் கரையை ஒட்டி அமைந்த பகுதி கொம்பனித்தெரு. மலே வீதி, கியூ வீதி, யாவா ஒழுங்கை எனக் கிளைத்துச் செல்லும் அதன் தெருக்களில் தமிழரும் சோனகரும் மலாயரும் சிங்களவரும் சுவரோடு சுவர் சேர வாழ்ந்து வருகின்றனர். ஒரே அறை படுக்கையறையாகவும் படிப்பறையாகவும் பயன்படும் பழைய வீடுகளும் அங்கே உண்டு. அண்ணாந்து பார்த்தாலும் உச்சி தெரியாத புதிய மாடங்களும் உண்டு. இவ்விரு வகை இல்லங்களிலும் வளரும் பிள்ளைகளுக்கு ஒரு பொதுமை காணப்படுகின்றது. பகற்பொழுதின் மிகப் பெரும் பகுதி அவர்களுக்குக் கூரையின் கீழேயே கழிந்துவிடுகின்றது. வீட்டிலிருந்து பாடசாலைக்கும், பாடசாலையிலிருந்து பிரத்தியேக வகுப்புக்கும், அங்கிருந்து மீண்டும் வீட்டுக்குமாக அவர்களுடைய நாள் சுழல்கின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பிள்ளைகளின் நிலையும் இதினின்று அதிகம் வேறுபட்டதன்று. இந்நிலைக்கும் அவர்களது கண்பார்வைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டென்பது அண்மைக் காலத்து ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டுள்ளது.

வகுப்பறையில் அடிக்கடி நிகழும் ஒரு காட்சியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதாமல், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகின்றது. ஆசிரியர் அதனைக் களவு என்று கருதிக் கண்டிக்கின்றார். தவணை முடிவில் கணக்கிலே புள்ளி குறைகின்றது. கரும்பலகையில் இருந்த 3 பிள்ளையின் கொப்பியில் 8 ஆகியிருக்கின்றது. வீட்டில் தாயார் கவனக்குறைவு என்கிறார். தந்தையார் விளையாட்டுப் புத்தி என்கிறார். 'எனக்குப் பலகை தெரியவில்லை' என்று அப்பிள்ளை ஏன் ஒரு முறையேனும் சொல்லவில்லை என்று பின்னர் எல்லாரும் வியப்பர். ஆயின் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. குறும்பார்வை ஒரு நாளில் வருவதன்று; நோவில்லை, சிவப்பில்லை, கண்ணீர் வடிவதில்லை. மாதந்தோறும் சிறிது சிறிதாகத் தூரம் மங்குகின்றது. மற்றவர்களுக்கும் உலகம் இவ்வாறே தெரிகின்றது என்று பிள்ளை நினைத்துக்கொள்கின்றது. தனக்குத் தெரியாதது எது என்பதை அறிந்துகொள்ள அதற்கு வழியே இல்லை. ஆதலின் பார்வைக் குறையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுவதும் பெரியவர்களையே சார்ந்தது.

கிட்டப்பார்வை என்றும் குறும்பார்வை என்றும் வழங்கப்படும் இக்குறைபாட்டின் இயல்பை முதலிற் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். கண்ணின் முன்புறத்துள்ள தெளிந்த படலமும் அதன் பின்னேயுள்ள வில்லையும் சேர்ந்து, வெளியிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை வளைத்து, கண்ணின் பின்சுவரிலுள்ள விழித்திரையின் மேல் ஒன்றுகூட்டுகின்றன. விழித்திரையிலே விம்பம் விழுகின்றது என்பதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் வானியல் அறிஞர் கெப்ளர் ஆவர்; 1604 ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் அவர் இதனை விளக்கினார். குழிவு வில்லைகள் குறும்பார்வையுடையோருக்கு எவ்வாறு உதவுகின்றன என்பதற்குக் காரணம் கூறியவரும் அவரே. அவருக்கு முன்பும் அத்தகைய கண்ணாடிகள் ஐரோப்பாவில் வழக்கிலிருந்தன. ஏன் உதவுகின்றன என்பது மட்டும் எவருக்கும் விளங்காதிருந்தது.

பிறந்த குழந்தையின் கண் முன்பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீற்றர் நீளமுடையது. வளர்ந்தவரின் கண் ஏறக்குறைய 24 மில்லிமீற்றர். இவ்விரண்டுக்கும் இடையில் கண் வளரும்போது, முன்பகுதியின் ஆற்றலுக்கு ஏற்ற நீளத்தில் வளர்ச்சி நின்றுவிட வேண்டும். அவ்வாறு நில்லாமல் கண் மேலும் நீண்டு போனால், விழித்திரை பின்னே தள்ளிப் போய்விடுகின்றது. தூரத்துப் பொருளின் விம்பம் அதனை எட்டுமுன்பே கூடிவிடுகின்றது. ஆகவே தூரப்பொருள் மங்கலாகத் தெரிகின்றது. ஒரு மில்லிமீற்றர் மிகுதியாக நீண்டாலே கண்ணாடியின் எண் இரண்டரை முதல் மூன்று வரை ஏறிவிடும் என்றால், இவ்வளர்ச்சி எத்துணை நுட்பமாக நடைபெற வேண்டியது என்பது புலனாகும்.

கண்ணாடிச் சீட்டில் எழுதப்படும் எண்ணின் பொருளைப் பெற்றோர் அறிந்துகொள்ளுதல் நன்று. கணக்கு மிக எளியது. 'மைனஸ் ஒன்று' உடைய பிள்ளைக்கு ஒரு மீற்றர் வரையுமே தெளிவாகத் தெரியும். 'மைனஸ் இரண்டு' என்றால் அரை மீற்றர். 'மைனஸ் நாலு' என்றால் கால் மீற்றர். கரும்பலகையோ கடைசி வாங்கிலிருந்து ஐந்தாறு மீற்றர் தொலைவில் இருக்கின்றது. 'வெறும் ஒன்றுதானே' என்று பெற்றோர் அசட்டையாகச் சொல்லும் அந்த எண்ணோடு ஒரு பிள்ளை ஓராண்டுப் பாடம் முழுவதையும் இழந்துவிடக்கூடும்.

நீண்ட கண் மீண்டும் குறுகுவதில்லை. குறும்பார்வையைப் பற்றிய மற்றெல்லாச் செய்திகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன. கண்ணாடி விம்பத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருமேயன்றிக் கண்ணைச் சுருக்காது. பயிற்சியினாலோ தைலத்தினாலோ கீரையினாலோ கண் சுருங்காது. வரவொட்டாமற் காத்தலும், வந்தபின் விரைந்து ஏறவொட்டாமல் தடுத்தலுமே மனிதனாற் கூடுவன.

பாடசாலைக்கும் குறும்பார்வைக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. ஹெர்மன் கோன் என்னும் கண் வைத்தியர், அக்காலப் பிரசிய நாட்டின் பிறெஸ்லோ நகரிலும் சுற்றுப்புறத்திலும் 10,060 மாணவரின் கண்களைச் சோதித்து, 1867 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கிராமப் பாடசாலைகளில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கே இருந்த குறும்பார்வை, உயர்தர நகரப் பாடசாலைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இருந்தது. வகுப்பு ஏற ஏறக் குறையும் ஏறியது. மங்கிய வெளிச்சமும் பொருந்தாத மேசையுமே காரணம் என்று கோன் கருதினார். அவர் கேட்ட சாளரங்களும் மேசைகளும் நல்லவையே. மாணவரின் முதுகும் அவற்றாற் பயன்பெற்றிருக்கும். எனினும் குறும்பார்வை குறையவில்லை. அவர் காணத் தவறியது எதுவென்று தெரிய இன்னும் 140 ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

நெடுங்காலமாக இது பரம்பரையின் விளைவு என்றே பலரும் நம்பி வந்தனர். பெற்றோர் இருவருக்கும் குறும்பார்வை இருப்பின் பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு அதிகம் என்பது உண்மையே. ஆனால் ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் பிள்ளைகளிற் பெரும்பாலோர் குறும்பார்வையுடையோராக மாறிவிடுவதைப் பரம்பரையால் மட்டும் விளக்க முடியாது. 1960 களின் இறுதியில் அலாஸ்காவின் வடகோடியில் வாழும் எஸ்கிமோவரைச் சோதித்தபோது, பாடசாலையே அறியாத முதியோரிடையே குறும்பார்வை மிக அருமையாயிருந்தது. பாடசாலைக்குச் சென்ற அவர்களுடைய பேரப்பிள்ளைகளிற் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது காணப்பட்டது. குருதி ஒன்றே, வாழ்க்கை முறையே மாறியது.

அப்படியாயின் எழுத்துதான் கண்ணைக் கெடுத்ததா? அருகில் வைத்து நெடுநேரம் படிப்பது ஓரளவு பங்கேற்கின்றது என்பதை இன்றைய அறிஞர் ஏற்கின்றனர். ஆயினும் அதனினும் வலிய காரணம் ஒன்று 2008 இல் வெளியான ஓர் ஒப்பீட்டாற் புலப்பட்டது. சிங்கப்பூரிலும் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலும் வாழும் சீன இனத்துப் பிள்ளைகளை, ஆறு ஏழு வயதினரை, ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுப் பார்த்தனர். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் குறும்பார்வை. சிட்னியில் நூற்றுக்கு 3 பேருக்கே. சிட்னிப் பிள்ளைகள் படிப்பிலே பின்தங்கியவர்களல்லர். வாரந்தோறும் அவர்கள் வாசித்த நூல்கள் சிங்கப்பூர்ப் பிள்ளைகளினும் அதிகமாகவே இருந்தன. பெரிய வேறுபாடு மற்றொன்றில் இருந்தது. சிட்னிப் பிள்ளை வாரத்தில் ஏறக்குறைய 14 மணித்தியாலம் வெளியிலே திரிந்தது. சிங்கப்பூர்ப் பிள்ளை 3 மணித்தியாலமே.

இது தற்செயலாக இருக்கலாமோ என்ற ஐயத்தைத் தீர்க்கச் சீன தேசத்தின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளிலே சோதனை நடத்தினர். ஆறு பாடசாலைகளில் முதலாம் வகுப்பினருக்கு நாள்தோறும் 40 நிமிடம் வெளியிலே ஒரு பாடவேளை கூட்டப்பட்டது. மற்ற ஆறும் வழமைபோல் நடந்தன. மூன்றாண்டு கழிந்தபோது, வழமைப் பாடசாலைகளில் நூற்றுக்கு 39.5 பேருக்குப் புதிதாகக் குறும்பார்வை வந்திருந்தது. வெளியிலே பாடவேளை பெற்ற பாடசாலைகளில் நூற்றுக்கு 30.4 பேருக்கு. 2015 இல் இம்முடிவு வெளியாகியது. தாய்வான் நாட்டில் 2010 முதல் ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் இரண்டு மணித்தியாலம் வெளியிலிருக்க வேண்டுமென்ற திட்டம் பாடசாலைகளில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைவு, 2011 இல் நூற்றுக்கு 50 பேராக இருந்து, 2015 இல் 46 ஆக இறங்கியது. நாலு என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். பத்தாண்டு காலம் ஏறிக்கொண்டே வந்த ஒன்று முதன்முறையாக இறங்கியது என்பதே இதன் பெருமை.

வெளியிலே செல்வதனால் கண்ணுக்கு வருவது யாது? விளையாட்டோ ஓட்டமோ இதற்குக் காரணமன்று. மரநிழலில் அமர்ந்து கதைபேசிக்கொண்டிருந்தாலும் பயன் உண்டு. பகலொளியே காரணம் என்று கருதப்படுகின்றது. ஒளியை லக்ஸ் என்னும் அலகால் அளப்பர். மின்விளக்கு எரியும் நல்ல வகுப்பறையில் 300 அல்லது 500 லக்ஸ் இருக்கும். கொழும்பின் வெளியிலே வெயிற் காலத்தில் பல்லாயிரம் லக்ஸ். நிழலிலும் வகுப்பறையினும் பன்மடங்கு ஒளி உண்டு. மனிதரின் கண் இவ்வேறுபாட்டை உணருவதில்லை. கண்மணி சுருங்கி விரிந்து அதனை மறைத்துவிடுகின்றது. ஆனால் விழித்திரை உணர்கின்றது. பேரொளி பட்டபோது அது டோபமீன் என்னும் இரசாயனப் பொருளைச் சுரக்கின்றது; கண் நீளுவதை இப்பொருள் தடுக்கின்றது என்பதற்கு விலங்குகளிற் செய்த சோதனைகள் சான்று தருகின்றன. சூரியனை நேரே நோக்கவேண்டுமென்பது இதன் கருத்தன்று. அது விழித்திரையைச் சுட்டுவிடும். தொப்பி அணிந்து செல்வதால் இப்பயன் கெட்டுவிடாது.

கொம்பனித்தெருப் பிள்ளைக்கு இவ்வொளி எங்கே கிடைக்கும்? நடந்து செல்லும் தூரத்தில் காலிமுகத்திடல் இருக்கின்றது. ஆள்பதி சேர் ஹென்றி வார்ட் அங்குள்ள நடைபாதையை 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்தார். கொழும்பு நகரத்துப் பெண்களின் நன்மைக்கும் சிறுவரின் நன்மைக்குமாக இதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை வேண்டுவதாக அவர் நாட்டிய கல்லொன்று இன்றும் அங்கே நிற்கின்றது. கண்ணின் நீளத்தையோ லக்ஸையோ அறியாத காலத்தில் எழுதப்பட்ட அவ்வேண்டுகோள், குறும்பார்வையைத் தடுக்கும் மருந்துச்சீட்டாகவும் இன்று பொருந்துகின்றது. திடல் இருக்கின்றது, அங்கே செல்லும் நேரந்தான் இல்லை. பிள்ளைகள் திடலுக்குச் செல்வது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்த பின்னராகும். பட்டம் விடவும் கடலை கொறிக்கவும் அந்நேரம் உகந்தது. கண்ணுக்கு வேண்டிய ஒளி அப்போது போய்விட்டது.

நேரம் எங்கே போகின்றது என்பதை எல்லாரும் அறிவர். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை முன்னிட்டு மூன்றாம் நாலாம் வகுப்பிலேயே பிரத்தியேக வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. குறும்பார்வை தொடங்கும் வயதும், விரைந்து ஏறும் வயதும் அதுவே. எவ்வளவு இளமையில் தொடங்குகின்றதோ அவ்வளவு உயரத்துக்கு அது ஏறும்; ஏழு வயதில் தொடங்கிய பிள்ளையின் எண், பதினான்கு வயதில் தொடங்கிய பிள்ளையின் எண்ணை வெகுவாக மிஞ்சிவிடும். பரீட்சையை ஒழித்துவிட முடியாது. எனினும் ஒரு பாடசாலை தன் கைக்குள் உள்ளவற்றைச் செய்யலாம். இடைவேளையில் பிள்ளைகளை வகுப்பறையிலே அடைத்துவைத்து எழுதுவிக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். சுற்றாடற் பாடத்தையும் தமிழ் வாசிப்பையும் மரநிழலில் நடத்தலாம். உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் இரவல் வாங்கும் வழக்கம் பல பாடசாலைகளில் உண்டு; அதனைத் தடுத்தால் அதுவே பெரிய கண் வைத்தியம். வீட்டிலோ, கடைக்குப் போய்வரும் சிறு வேலைகளைப் பகலிலே பிள்ளையோடு நடந்து செய்யலாம். இரண்டு மணித்தியாலத்தை ஒரே தொடர்ச்சியாகத் தேடவேண்டுவதில்லை. பத்தும் இருபதுமாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும்.

படிக்கும் முறையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றி, மூடிய கையைக் கன்னத்தருகே கொண்டுவந்தால் உண்டாகும் தூரமே புத்தகத்துக்கும் கண்ணுக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம். கைத்தொலைபேசியைப் பிள்ளைகள் அதிற் பாதித் தூரத்திலேயே பிடிக்கின்றனர். படுத்திருந்து பார்க்கும்போது இன்னும் குறைகின்றது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை எழுந்து சாளரத்துக்கு வெளியே நோக்குவது கண்ணின் களைப்பைத் தீர்க்கும். அதனால் மட்டும் குறும்பார்வை நின்றுவிடுமென்று சொல்வதற்கு வலிய சான்றில்லை.

இனி, மக்களிடையே ஆழ வேரூன்றிய சில எண்ணங்களைக் களைதல் வேண்டும். 'இப்போதே கண்ணாடி போட்டால் கண் அதற்குப் பழகிக் கெட்டுவிடும்' என்பது அவற்றுள் முதலாவது. கண்ணாடி போட்ட பின்னரும் ஆண்டுதோறும் எண் ஏறுவதைக் காண்போர், கண்ணாடியே ஏற்றியது என்று எண்ணுகின்றனர். வளரும் பிள்ளைக்குச் சட்டையின் அளவு ஏறுவதற்குச் சட்டை காரணமாகாததைப் போன்றதே இதுவும். வைத்தியரிற் சிலரும் ஒரு காலத்தில் இதனை நம்பி, வேண்டிய எண்ணுக்குச் சற்றுக் குறைவாகவே கண்ணாடி எழுதிக்கொடுத்தனர். மலேசியாவிலே 94 பிள்ளைகளைக் கொண்டு இதனைச் சோதித்து, 2002 இல் முடிவை வெளியிட்டனர். குறைவான கண்ணாடி அணிந்தோரின் குறும்பார்வையே அதிகமாக ஏறியிருந்தது. ஆகவே முழு எண்ணுக்கும் கண்ணாடி கொடுப்பதே முறை.

பெண்பிள்ளைகளின் காரியத்தில் இவ்வச்சம் இன்னும் கொடியதாகின்றது. 'கண்ணாடி போட்ட பெண்ணை யார் கேட்டு வருவார்?' என்ற ஒரு சொல்லினால், பத்து வயதுச் சிறுமிக்கு வாங்கிய கண்ணாடி அலுமாரியிலே கிடக்கின்றது. விருந்தினர் வரும்போது கழற்றச் சொல்லும் தாயார், அது அணியத்தகாத ஒன்றென்று மகளுக்குக் கற்பித்துவிடுகின்றார். மங்கலாகவே உலகத்தைப் பார்த்து வளர்ந்த பெண், தெருவிலே தெரிந்தவரைக் கண்டும் சிரிக்கவில்லை என்பதற்காகச் செருக்கி என்றும் பெயரெடுக்கின்றாள். கல்யாணச் சந்தையின் கணக்குக்காக ஒரு பிள்ளையின் கல்வியைப் பணயம் வைப்பது எவ்வகையிலும் நியாயமாகாது.

பொன்னாங்காணிக் கீரையைப் பற்றி ஒரு சொல். அது கண்ணுக்கு நல்லது என்று முன்னோர் சொன்னது பொய்யன்று. கீரையும் பப்பாளிப்பழமும் முட்டையும் தரும் உயிர்ச்சத்து 'ஏ' இல்லாவிடின் மாலைக்கண் வரும். ஆனால் மாலைக்கண் வேறு, குறும்பார்வை வேறு. எவ்வளவு பொன்னாங்காணி உண்டாலும் கண்ணின் நீளம் குறையாது. கண்ணைக் கைகளால் மூடியும் விழிகளைச் சுழற்றியும் கண்ணாடியை ஒழித்துவிடலாம் என்று அமெரிக்க வைத்தியர் பேற்ஸ் 1920 இல் ஒரு நூல் எழுதினார். நூறாண்டு கழிந்தும் அம்முறை மெய்ப்பிக்கப்படவில்லை.

குறும்பார்வை வந்த பின் அதன் ஏற்றத்தை மட்டுப்படுத்தும் வழிகள் இந்நூற்றாண்டிலேயே உருப்பெற்றன. அட்ரோபின் என்னும் மருந்தை மிக ஐதாக்கி இரவிலே ஒரு துளி இடுவது அவற்றுள் ஒன்று. ஹொங்கொங்கில் நாலு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் நடத்திய சோதனையில், நூற்றுக்கு 0.05 வலிமையுள்ள துளி ஓராண்டில் எண் ஏறுவதை ஏறக்குறைய மூன்றிலிரண்டு பங்கு குறைத்ததாக 2019 இல் அறிவிக்கப்பட்டது. முன்னர் நூற்றுக்கு ஒன்று என்னும் வலிய துளியைப் பயன்படுத்தியபோது, பிள்ளைகள் வெளிச்சத்திற் கூசினர். படிக்க இயலாது தவித்தனர். மருந்தை நிறுத்தியதும் குறை விரைந்து ஏறியது. இதே அட்ரோபின் ஊமத்தையிலும் உண்டு என்பதறிந்து, நாட்டு மருந்தென்று ஊமத்தைச் சாற்றைக் கண்ணிலிட எவரும் துணியலாகாது, அது நஞ்சு. அளவும் தூய்மையும் அறிந்து செய்த துளியை, வைத்தியரின் கட்டளைப்படியே இடவேண்டும்.

கண்ணாடியிலேயே ஒரு புதுமை உண்டாயிற்று. நடுவே வழமையான எண்ணும், சுற்றிலும் நூற்றுக்கணக்கான நுண்வில்லைகளும் பொருந்திய கண்ணாடியை ஹொங்கொங் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் சோதித்தனர். இரண்டாண்டில் ஏற்றம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2020 இல் வெளியிட்டனர். இரவிலே அணிந்து காலையிலே கழற்றும் கடின ஒட்டுவில்லையும் ஓரளவு பயன் தருகின்றது. ஆனால் கை கழுவாமலும், குழாய்நீரில் வில்லையைக் கழுவியும் அணிந்தால் கண்ணிற் புண் உண்டாகிப் பார்வையே போகக்கூடும். சோம்பலுள்ள வீட்டுக்கு அது ஏற்றதன்று. இவை யாவும் செலவு மிக்கவை. சாதாரணக் கண்ணாடி வாங்கவே கடன்படும் குடும்பத்துக்கு முதலில் வேண்டுவது அச்சாதாரணக் கண்ணாடியே.

பெரியவர்களைப் பற்றியும் கூறாமல் விடுதல் தகாது. பெரும்பாலானோருக்கு இருபது வயதை ஒட்டி ஏற்றம் நின்றுவிடும். எண் ஆறும் அதற்கு மேலும் சென்றோர் மட்டும் வாழ்நாள் முழுவதும் விழிப்பாயிருத்தல் வேண்டும். நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அது கிழிந்து சுவரினின்று கழன்றுவிடலாம். கண்முன் திடீரென மின்னல் போன்ற ஒளி, புகைக்கரி போலப் பறக்கும் புள்ளிகள், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போன்ற இருள் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்து வைத்தியர் கோனின் 1920 களில் வழி காட்டும் வரை, கழன்ற விழித்திரை குருடென்றே விடப்பட்டது. இன்று சத்திரசிகிச்சையாற் காக்க முடிகின்றது; ஆனால் நாட் கணக்கிலே காத்திருக்க முடியாது. லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியை ஒழித்தவர்கள் இவ்வாபத்து நீங்கிவிட்டதென்று எண்ணுகின்றனர். லேசர் கண்ணின் முன்புறத்தைச் செதுக்குமேயன்றி நீளத்தைக் குறைப்பதில்லை. எனவே மெலிந்த விழித்திரை மெலிந்தபடியே இருக்கும்.

நடுத்தர வயதில் எண் திடீரென மாறினால், கண்ணாடிக் கடைக்குச் செல்லுமுன் குருதியிலுள்ள சீனியைச் சோதிப்பது நல்லது. சீனி ஏறி இறங்கும்போது வில்லையின் ஆற்றலும் மாறும். அறுபதைத் தாண்டிய பாட்டனார், பல்லாண்டாக அணிந்த வாசிப்புக் கண்ணாடியை ஒருநாள் கழற்றிவைத்துவிட்டு, 'என் கண் திரும்பிவிட்டது' என்று பத்திரிகை படித்துக் காட்டி மகிழ்வதுண்டு. வீட்டாரும் மகிழ்வர். கண்புரை முதிரத் தொடங்கும்போது வில்லையின் நடுப்பகுதி தடித்துக் குறும்பார்வையை உண்டாக்குவதே பெரும்பாலும் இதன் காரணம். சில மாதம் கழித்துத் தொலைக்காட்சி மங்கும். பின் பத்திரிகையும் மங்கும். மகிழ்ச்சியைக் கெடுக்காமலே அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லலாம்.

பிள்ளைகளின் பார்வையைக் கண்காணிக்கும் ஏற்பாடு இந்நாட்டில் உண்டு. பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது, பெரிய பாடசாலைகளில் முதலாம், நாலாம், ஏழாம், பத்தாம் வகுப்பு மாணவரின் பார்வை சோதிக்கப்படுகின்றது. ஆறு மீற்றர் தொலைவில் தொங்கும் எழுத்து அட்டையை, ஒல்லாந்து வைத்தியர் சினெல்லன் 1862 இல் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே வாசிக்க வேண்டும். நல்ல ஏற்பாடே, ஆயின் நாலாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் இடையில் மூன்றாண்டு உண்டு. நாலாம் வகுப்பிலே தேறிய பிள்ளை, ஐந்தாம் வகுப்பு முடியுமுன் பலகை தெரியாதவனாகிவிடலாம். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் வகுப்பாசிரியர். கண்ணை இடுக்குதல், தலையைச் சரித்தல், முன் வாங்குக்கு நகர்தல், பந்தைத் தவறவிடுதல், தொலைக்காட்சியின் முன்னே போய் நிற்றல் ஆகியவை அடையாளங்கள். ஐயம் எழுந்தால், பிள்ளையைக் கடைசி வாங்கில் நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் செய்து, பலகையில் எழுதிய சில எழுத்துகளை வாசிக்கச் சொல்லலாம். பின்னர் மற்றக் கண்ணாலும் வாசிக்கச் சொல்லவேண்டும். ஒரு கண் நன்றாயிருப்பின் மற்றதன் குறை பல ஆண்டு மறைந்துகிடக்கும். எழுத்துகளை இடையிடையே மாற்றுதலும் வேண்டும். பிள்ளைகள் மனப்பாடத்தில் வல்லவர்கள்.

குறை தெரிந்தபின் செல்லவேண்டிய இடம் கொம்பனித்தெருவாருக்கு அண்மையிலேயே உள்ளது. லிப்டன் சுற்றுவட்டத்தருகே, 1906 இல் விக்டோரியா இராணியின் ஞாபகமாகத் திறக்கப்பட்ட பழைய கண் வைத்தியசாலைக் கட்டடத்தை அறியாதார் இலர்; தேசிய கண் வைத்தியசாலை அதன் வழிவந்ததே. பரிசோதனைக்குக் கட்டணமில்லை. கண்ணாடிக்கு மட்டும் பணம் வேண்டும். அதற்கு வழியற்ற பிள்ளையைப் பழைய மாணவர் சங்கமோ அபிவிருத்திச் சங்கமோ தாங்கலாம். பாடசாலை விழாவுக்குக் கட்டும் பந்தலிலும் குறைந்த செலவு அது.

பழைய கண்ணாடி இருப்பின் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். எண் எவ்வளவு விரைவாக ஏறியது என்பதை வைத்தியர் அதனால் அறிவார். கண்மணியை விரிக்கும் துளி இட்டபின்னரே பிள்ளையின் கண்ணை அளப்பர். சிறுவரின் கண்தசை இறுகிப் பிடித்துப் பொய்க் குறும்பார்வையைக் காட்டக்கூடும். துளி அத்தசையைத் தளரச் செய்கின்றது. கடையிலே துளியின்றி அவசரமாக அளந்த எண் சில வேளை பிழைத்துப்போவது இதனாலேயே. கண்ணாடி பெற்ற பிள்ளையை ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் மீண்டும் காட்டுதல் வேண்டும். துளி இட்ட நாளில் வெளிச்சம் கூசும்; புத்தகத்து எழுத்து கலங்கித் தெரியும்; மறுநாள் வரையும் இது நீடிக்கலாம். அன்றைய வீட்டுப்பாடம் எழுதப்படாமைக்குக் காரணம் இதுவென்று பெற்றோர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிட்டால், மறுநாட் காலை பிள்ளை வாங்கின்மேல் நிற்க நேராது.